ஆறு வார ஒயின்

மரம் அறுக்கும் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் மரத்தூளுடன் க்ளென், மகள் டீகனோடு மெர்வ் நடத்தும் கடைக்கு வந்திருந்தான். வீட்டில் ஒயின் போடுவதற்கான கிட்கள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. சுண்டவைத்த திராட்சைச் சாறும் ஈஸ்ட் பொட்டலமும் உள்ளே. பெட்டிக்கு முப்பது பாட்டில் தேறும். டீகனின் கல்யாணத்தில் பத்து மேசை. மேசைக்கு மூன்று.

மாப்பிள்ளை லக்லன் வீட்டாருக்கு, சிவப்பு ஒயினுக்குப் பேர்போன கூனவாராவில் திராட்சைத் தோட்டம். அவர்களுக்குச் சிவப்பு ஒயின் தவிர எதுவும் இறங்காது என்று கேள்வி.

"சிவப்பு வேணாம்டா," என்றான் மெர்வ். "பெட்டில எட்டு வாரம்னு போட்டிருப்பான், நம்பாத. ஒரு வருஷம் கிடந்தாதான் வாயில வைக்க முடியும். இந்த வெள்ளைய எடு. ஆறே வாரம். ஜில்லுனு கொடுத்தா வீட்டுல போட்டதுன்னு எவனுக்கும் தெரியாது."

"அவங்களுக்கா தெரியாது? மோந்து பாத்தே எந்த வருஷம்னு சொல்லுவாங்க."

"அப்ப அன்னைக்கு எல்லாருக்கும் சளி பிடிக்கட்டும்னு வேண்டிக்க."

டீகன் சிரிக்கவில்லை. "சிவப்பையே எடுப்பா. ஒரு வருஷம் வச்சா நல்லாதானே வரும்?"

"கல்யாணம் ஒன்பது வாரத்துலடி."

அவள் கார் சாவியைத் திருகிக்கொண்டு நின்றாள். மெர்வ் எதையோ தேடுவதுபோலப் பின்னறைக்குப் போனான்.

"லக்லனோட அப்பா அவங்க தோட்டத்து ஒயினையே எல்லா மேசைக்கும் அனுப்புறாராம்பா. நீ எதுக்குச் சிரமப்படணும்னுதான்."

"எப்பச் சொன்னாரு?"

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு."

அதற்குப் பிறகான இரண்டு மாதமும் க்ளென் காலி பாட்டில்களைத் துணி துவைக்கும் தொட்டியில் ஊறப்போட்டு லேபிள் சுரண்டிக்கொண்டிருந்தான். பாதிப் பாட்டில்களைக் காரில் கொண்டுவந்து கொடுத்ததே டீகன்தான். அவற்றில் பல, மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்துப் பாட்டில்கள். அந்தப் பெயரை அவன் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தான்.

"நீ ஆசையா செஞ்சிட்டிருந்த. எப்படிச் சொல்றது? வேணும்னா உன்னோடத, கல்யாணம் முடிஞ்சதும் கூடாரம் பிரிக்க வர்ற ஆளுங்களுக்குக் கொடுக்கலாம். அவங்க நல்லாக் குடிப்பாங்க."

மெர்வ் திரும்பி வந்தான். "என்னப்பா, சிவப்பா வெள்ளையா?"

"வெள்ளை."

"அப்பா, சிவப்பு எடுத்தா அடுத்த வருஷம் நாங்க வரும்போது..."

"கூடாரம் பிரிக்கிறவங்களுக்கு அன்னைக்கே வேணுமில்ல," என்றான் க்ளென். "நானும் அவங்களோடயே உக்காந்து குடிச்சுக்கறேன்."

பெட்டியைத் தோளில் ஏற்றினான். டீகன் கதவைத் திறந்துவிட வருவதற்குள் காலால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.