பதினாறு ஜிபிக்கு மேல் ஏறாது

மகள் ஸ்னேகா போன பிறகு அவளுடைய அறைக்குள் மாதங்கி நுழைந்ததே இல்லை. டெங்கு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பெண் திரும்பி வரவில்லை. அறையைப் பெருக்குவதும் ஜன்னலைத் திறந்து மூடுவதும் கணவர் குருமூர்த்தியின் வேலையாயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் கூடத்து மூலையில், அவள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது.

ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷத்துக்காக ஸ்னேகா பாலிகஞ்சிலுள்ள இந்த ஃப்ளாட்டையே அதற்குள் முப்பரிமாண மாடலாகக் கட்டி வைத்திருந்தாள். அம்புக்குறி விசைகளை அழுத்தினால் வாசலில் நுழைந்து, செருப்பு ஸ்டாண்டைக் கடந்து, கூடம், சமையலறை என்று நடந்து போகலாம். பாங்கிலிருந்து வந்து காபி குடித்ததும் குருமூர்த்தி அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். நடையின் கோடியில் ஸ்னேகாவின் அறைக்கதவு. அதை நெருங்கும்போது கம்ப்யூட்டரின் விசிறி இரைய ஆரம்பிக்கும். கதவு லேசாகத் திறக்கும். அதோடு படம் உறைந்து, திரை வெளிறிப்போகும்.

மாதங்கிக்கு அந்த இரைச்சல் தாங்காது. ஸ்னேகா வேலை செய்யும்போது கேட்ட அதே சத்தம். சமையலறையிலிருந்து "சாப்பிட வா" என்று குரல் கொடுக்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொள்வாள்.

"இன்னிக்கு இன்னும் கொஞ்சம் திறந்துது மாதங்கி," என்றார் ஒரு நாள். "உள்ள யாரோ நிக்கறாப்பல இருக்கு."

"மூடிட்டு வாங்கோ, போறும்."

"நிஜமாத்தான். ஜன்னல் பக்கம். புடவைத் தலைப்பு மாதிரி ஏதோ தெரிஞ்சுது."

அன்றிலிருந்து மாதங்கி நடையில் போகும்போது அந்த நிஜக் கதவைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டாள்.

படம் ஏன் உறைகிறது என்பதைக் குருமூர்த்தி தானே கண்டுபிடித்தார். மெஷினில் இருந்தது எட்டு ஜிபி மெமரி. கதவருகே வந்ததும் அது முழுக்க நிரம்பிவிடுகிறது. ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய், பதினாறு பதினாறாக இரண்டு மெமரி ஸ்டிக் வாங்கி வந்தார். பழையவற்றைக் கழற்றிவிட்டு இவற்றைப் பொருத்தி சுவிட்சைப் போட்டார்.

திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே சத்தம். யாரோ விடாமல் கூப்பிடுவதுபோல இருந்தது.

"நிறுத்துங்கோ!" என்று ஓடிவந்தாள் மாதங்கி. "என்ன பண்ணினேள் அதை?"

"ஒண்ணும் பண்ணலைடி. மெமரி ஜாஸ்தி பண்ணினேன். விண்டோஸ் நூத்தி இருபத்தெட்டு ஜிபி வரைக்கும் எடுத்துக்கும்னு போட்டிருக்கே. நான் போட்டது வெறும் முப்பத்திரண்டு."

"அது விண்டோஸ் எடுத்துக்கறது. உள்ள இருக்கற மதர்போர்டு எவ்வளவு எடுத்துக்கும்னு பார்த்தேளா?"

மாதங்கி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டை நகர்த்தி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். விசிறி இறக்கைகளில் படிந்திருந்த தூசியில் நீளமான தலைமுடி ஒன்று சிக்கியிருந்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. அதை எடுக்காமல், போர்டின் மேல் அச்சிட்டிருந்த மாடல் எண்ணைப் படித்தாள். போனில் தேடியதும் அந்த போர்டுக்கான கையேடு கிடைத்தது.

"ரெண்டே ஸ்லாட்டு. ஒண்ணொண்ணுல எட்டுக்கு மேல ஏறாது. மொத்தம் பதினாறு. விண்டோஸ் என்ன சொன்னாலும், இதுக்கு அதுதான் உச்சம்."

"பதினாறு போறுமா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றவள் பெட்டியின் தகட்டை மூடிவிட்டு, "நானும் வரேன். மாத்திண்டு வரலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தினி மூடியிருக்கும். திங்கள்கிழமை இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு மெட்ரோவில் போனார்கள். கடைக்காரர் அவள் நீட்டிய மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் இரண்டு எட்டு ஜிபி ஸ்டிக்குகளை எடுத்துக் கொடுத்தார்.

வீடு திரும்பியபோது மத்தியானம். இந்த முறை மெஷின் சத்தமில்லாமல் கண் விழித்தது. குருமூர்த்தி விசைகளை அழுத்த, மாதங்கி பின்னால் நின்றாள். வாசல், கூடம், நடை. விசிறி இரைந்தது. ஓரத்துச் சின்னக் கட்டத்தில் மெமரிக் கோடு மேலே ஏறிக்கொண்டே போய், உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றது.

கதவு முழுசாகத் திறந்தது.

ஜன்னலுக்கு வெளியே கிருஷ்ணசூடா மரம், நம்மூர் மயில்கொன்றை. புயலில் சாய்ந்து, கார்ப்பரேஷன்காரர்கள் வெட்டி எடுத்துப்போன மரம். ஸ்னேகா அதை இலை இலையாக மறுபடி முளைக்க வைத்திருந்தாள். அத்தனை மெமரியையும் குடித்தது அந்த இலைகள்தான்.

ஜன்னலோரம், வாசலைப் பார்த்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

மாதங்கி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அது நான்தான்னா."

அவளேதான். மஞ்சள் புடவை, செருகிய கொசுவம், கையில் கரண்டி. குருமூர்த்தி விசையை அழுத்தி இடப்பக்கம் நகர்ந்தார். திரையிலிருந்தவள் அந்தப் பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் நகர்ந்தார், அங்கேயும் திரும்பி அவரையே பார்த்தாள். எங்கே போனாலும் அந்த முகம் விடவில்லை.

"வெறும் ஃபோட்டோதான்," என்றார். "கட்டட மாடல்ல ஆள் படத்தை வெட்டி நிறுத்துவா. பார்க்கறவா பக்கமே திரும்பறாப்பல பண்ணி வெச்சிருப்பா. அறை எவ்வளவு பெரிசுன்னு தெரியறதுக்காக."

"அன்னிக்கு அடுப்புல சாம்பார். 'ஒரு நிமிஷம்மா, இங்க பாரு, சிரிக்காதே'ன்னு ஸ்னேகா சொன்னா. நான் எரிஞ்சு விழுந்தேன். அப்படியே எடுத்துட்டா."

திரையிலிருந்த முகம் இன்னும் எரிச்சலோடுதான் இருந்தது. கரண்டியில் சாம்பார்த் துளிகூட அப்படியே ஒட்டியிருந்தது.

"அவ இல்லியா?" என்றாள் மாதங்கி. "நன்னாப் பாருங்கோ. கட்டில் பக்கம், அலமாரிக்குப் பின்னாடி."

அவர் திரையிலேயே அறை முழுக்கச் சுற்றினார். பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். ஸ்னேகா தன்னை எங்கேயும் வைக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது மாதங்கி மட்டும்தான்.

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபடி போட்டுக்கொண்டு திரும்பியபோது பின்னால் அவள் இல்லை. நடையின் கோடியில் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

எழுந்து போனார். ஸ்னேகாவின் அறைக்கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் மாதங்கி நின்றிருந்தாள். வெளியே மரம் இருந்த இடத்தில் வெறும் வானம். அவர் வருவதை உணர்ந்து மெதுவாகத் திரும்பினாள். குருமூர்த்தி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவரையறியாமல் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தார். அவள் முகமும் கூடவே திரும்பியது.

"என்னன்னா? ஏன் அப்படிப் பார்க்கறேள்?"

அவள் கையை நீட்டினாள். தயங்கித் தயங்கி உள்ளே வந்து அதைத் தொட்டார். கை சூடாக இருந்தது.

"இங்கயே இருங்கோ சித்த நாழி," என்றாள் மாதங்கி. இருவரும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.