குழாயில் நகர்ந்த குமிழிகள்

சந்தியாகோ நகரத்தில் தலைமுடிக்கான ஜெல் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் நெரெய்தாவுக்குப் புட்டி நிரப்பும் வேலை. பதினொரு வருஷமாக அதே இடம்தான். பம்பைப் போட்டால் பச்சை ஜெல் குழாய் வழியாக வந்து புட்டியில் இறங்கும், அணைத்தால் நின்றுவிடும். தொட்டி தலைக்கு மேலே இருந்தும் குழாயை மூட ஒரு திருகு கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. போதுமான பலத்தோடு தள்ளினால்தான் ஜெல் அசையும். இல்லையென்றால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை பழைய பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் குழாய் மாட்டினார்கள். மதியச் சாப்பாடு முடிந்து முதலில் உள்ளே வந்தவள், மூடி போடும் யுதெல்கா. தரையில் பரவிக் கிடந்த ஜெல்லில் கால் வைத்துவிட்டாள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அந்தக் களேபரத்தில் யார் யாரோ எந்தெந்தப் பொத்தானையோ அழுத்தியதில், பம்பு முன்பே அணைந்திருந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

"பம்ப அணைக்காம சாப்பிடப் போயிட்டீங்க" என்றார் இஞ்சினியர் பிரவுலியோ. அணைத்தேன் என்றாள் நெரெய்தா. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நம்பாதவர்போல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் யுதெல்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலைக்குள் நெரெய்தாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தியது விரலுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது எந்த நாளின் ஞாபகம்?

செவ்வாய்க்கிழமை எல்லோரும் சோறும் பீன்ஸும் சாப்பிடப் போனார்கள். நெரெய்தா போகவில்லை. பம்பை அணைத்து, பிளக்கையே பிடுங்கி, குழாய்க்குக் கீழே வாளியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஜெல்லுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் கண்ணாடி வழியே தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவை நகர்ந்தன. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று இரண்டை விடாமல் பார்த்தாள். ஒன்றை ஒன்று முந்தாமல், சேர்ந்தே வாய்வரை வந்தன. வாளியில் கொத்தாக விழுந்தது ஜெல்.

பிரவுலியோவைக் கூட்டி வந்து பிளக்கை அவர் கையில் கொடுத்தாள். அவர் குழாய்க்கு முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றார்.

"இது ஓடல, நெரெய்தா. வழுக்குது."

உள்ளே ஜெல் இளகவே இல்லை, வழவழப்பான கண்ணாடியை ஒட்டி மெல்லிசாக ஒரு நீர்ப்படலம், அதன்மேல் மொத்தமும் சறுக்கி வருகிறது என்று விளக்கினார். பழைய குழாயை எடுத்து வந்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சொரசொரத்துப் போயிருந்தது. ஜெல் பிடித்துக்கொள்ள அதில் இடம் இருந்தது.

"நான் உங்கள நம்பியிருக்கணும்" என்றார்.

"அத யுதெல்கா வீட்ல வந்து சொல்லுங்க. நான் தனியா போனா, தப்பிக்கப் பாக்குறேன்னு நெனப்பா."

சாயங்காலம் இருவரும் போனபோது யுதெல்கா ஒற்றைக் கையால் தலைமுடியோடு போராடிக்கொண்டிருந்தாள். பிரவுலியோ நிலைப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உங்க மேல தப்பில்லன்னா நான் யார் மேல கோவப்படறது, தோன்யா?" என்று, மூத்தவளை எப்போதும் அழைக்கும் மரியாதைச் சொல்லாலேயே நெரெய்தாவைக் கேட்டாள்.

நெரெய்தா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சீப்பை வாங்கிக்கொண்டு, உதட்டைக் குவித்து நிலைப்படிப் பக்கம் காட்டினாள். "அதான் நிக்கிறாரே."

யுதெல்கா சிரிக்கவில்லை. ஆனால் பின்னுவதற்கு வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். பிறகு, இன்னும் இரண்டு காபி போடச் சொல்லி உள்ளே இருந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள்.