கிள்ளையில் ஒரு வலைப் பாதுகாப்புக் கூட்டம்

கிள்ளைத் தெருக்களில் ஆட்டோ ஒன்று மைக் கட்டிக்கொண்டு வந்தது. “வலைப் பாதுகாப்பு பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம். பெற்றோர் திரளாக வரவும்.” மீனவர் சிங்காரம் காதைத் தீட்டிக்கொண்டார். அவருடைய வலை போன வாரம்தான் நார் நாராகக் கிழிந்திருந்தது. அரசாங்கத்துக்கு ஒருவழியாகக் கண் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

எந்த வலை என்பது அவர் மகள் கயல்விழிக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்காரி. இணையத்தில் பிள்ளைகளைக் காக்க மாவட்டத்துக்கென்று ஒரு கொள்கை எழுதப்போகிறார்கள், கடலூரிலிருந்து அதிகாரி வருகிறார் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்து பட்டது போதாதா? எவனோ போனில் போட்டோ கேட்டு நச்சரிக்கிறான் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் அவனை விட்டுவிட்டு, இவள் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். பாடமெல்லாம் அதில்தான் இருந்தது. என்ன அநியாயம் இது?

கூட்டத்துக்குச் சிங்காரம் கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர், ஆளுக்கொரு வலையுடன். அதிகாரி எழிலரசி திருதிருவென்று விழித்தார். விஷயம் புரிந்ததும் மண்டபமே சிரித்தது. சிங்காரம் மட்டும் முகம் சிவக்கக் கிளம்பினார்.

“இருப்பா, ஒண்ணு கேக்கணும்” என்று மாணவிகள் வரிசையிலிருந்து எழுந்தாள் கயல்விழி. “இந்த வலைய எது கிழிச்சிச்சு?”

“நண்டுதான்.”

“அப்ப வலைய பீரோவுல வச்சிப் பூட்டிட்டியா?”

“பூட்டிட்டு சோத்துக்கு எங்க போறது? சரிபண்ணிட்டு மறுபடி கடலுக்குப் போவ வேண்டியதுதான்.” சொல்லி முடித்த பிறகுதான் மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது.

எழிலரசி பேனாவை எடுத்தார். “கொள்கையில என்னம்மா எழுதணும்?”

“வந்து சொல்ற புள்ளைய தண்டிக்கக் கூடாதுன்னு எழுதுங்க மேடம். எங்க கிளாஸ்ல இப்ப யாரும் வீட்டுல எதையும் சொல்றதில்ல.”

சிரிப்பு அடங்கிவிட்டது. சிங்காரம் மடியிலிருந்த பீரோ சாவியை எடுத்து மகள் கையில் வைத்தார்.

“அந்தப் பயலப் பத்தி மேடம்கிட்ட சொல்லு” என்றார். “நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

வலை இன்னும் அவர் தோளில்தான் கிடந்தது.