அடுப்பு, ஆளுடன்

பழைய தெருவின் ரொட்டிக்காரர் வடக்கு வளைவைத் தாண்டி வெளியே கால் வைத்தால் தெற்கு வளைவு வழியாக உள்ளே வந்து நிற்பார். தெருவைப் புதுப்பித்த வருடத்திலிருந்து இப்படித்தான். ஆரம்பத்தில் நாலு பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அதற்கு முன் அந்தத் தெரு கிடந்த கிடப்பையும் சொல்லத்தான் வேண்டும். மணிக்கூண்டில் புறாக்கள் குடித்தனம் நடத்தின, கிணறு முழுக்கக் குப்பை, பதினோரு வீடுகளில் நாலுக்குக் கூரையே கிடையாது. ஏனென்று கேட்க நாதியில்லாத அந்தத் தெருவுக்கு மரபுக் குழு என்று ஒன்று வந்து சேர்ந்தது. கருங்கல் பாவினார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், இரண்டு வளைவுகளுக்கும் சுண்ணாம்பு பூசினார்கள். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கிராமத்துக்கு வாழ்வு வந்தது, அதில் பொய்யில்லை. வந்த வாழ்வோடு ஒரு எழுத்தரும் வந்தார். பாதுகாக்க வேண்டியவற்றை வீடு வீடாகப் பார்த்து எழுதி, பித்தளை எண் அடிப்பது அவர் வேலை. பட்டியலில் ஏறிய பொருள் தெருவை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. மனிதர் ஜன்னல் கொக்கியைக்கூட விடமாட்டார். ரொட்டிக்கடைக்கு வந்தபோது, நூற்றைம்பது வருடத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. படிவத்தில் ‘இயங்கும் நிலையில் உள்ளதா’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஆளில்லாமல் அடுப்பு எப்படி இயங்கும் என்று யோசித்தார், நியாயமாகத்தான் யோசித்தார். ‘41. அடுப்பு, ஆளுடன்’ என்று எழுதினார். எண்ணை அடிக்கச் சுத்தியல் எடுத்துக் கொடுத்ததே ரொட்டிக்காரர்தான், பாவம்.

அன்று சாயங்காலம் மாவு வாங்கப் போனவர் வெறும் சாக்குடன் தெற்கு வளைவில் வந்து பேந்தப் பேந்த விழித்தார். சைக்கிளில் போய்ப் பார்த்தார். பஸ்ஸிலும் ஏறிப் பார்த்தார். பஸ் போய்விட்டது, இவர் மட்டும் உட்கார்ந்த வாக்கில் வளைவடியில் இறங்கினார். ஒரு வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவர் மனைவி நர்ஸ். எண் அடித்த நேரத்தில் பக்கத்து ஊர் மருந்தகத்தில் வேலையாக இருந்ததால் பட்டியலில் ஏறவில்லை. ஒன்பது வருடம் விண்ணப்பம் போட்டு, துறைமுக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. பத்து நாளில் இருவரும் கிளம்புவதாக ஏற்பாடு. அங்கே வீடுகூடப் பார்த்தாயிற்று. அவள் குழுவுக்கு மனு எழுதினாள். பட்டியலில் ஏறியது அழிந்தால் ஒழிய எண்ணை நீக்க வழியில்லை என்று பதில் வந்தது. ரொட்டிக்காரர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுப்பிடம் போனார். அதற்குள் இரண்டாவது கடிதம் வந்தது. அடுப்பும் ஆளும் ஒரே எண், ஒன்று அழிந்தால் மற்றதும் அழிந்ததாகவே கொள்ளப்படும். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி ஒரு வருடம் தவணை கொடுத்தது. அவரை விட்டுப் போக மனமில்லாமல் அவளும் அந்த வருடத்தைக் கழித்தாள். கடைசியில், திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே பெட்டி கட்டினாள். இதற்கிடையில் எழுத்தரிடமிருந்து அறிவிப்பு வந்திருந்தது. சனிக்கிழமை சரிபார்க்க வருகிறாராம், விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சேர்த்துக்கொள்வாராம். ரொட்டிக்காரர் அதைப் படித்துவிட்டு, அவளிடம் சொல்லாமல் மாவு டின்னுக்கு அடியில் செருகினார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தனியாக அந்தத் தெருவைச் சுற்றிச் சுற்றி வரும் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுத்தர் பட்டியலுடன் உள்ளே வந்தபோது, அவள் கடைக்குள் நின்று அவருக்காக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எழுத்தரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“லெட்டர் எப்ப வந்துச்சு?” என்று கணவனைக் கேட்டாள்.

“பதிமூணு நாளாச்சு.”

அவள் கத்தவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவை வழித்து எடுத்தாள். கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். எழுத்தர் பேனா மூடியைத் திறந்துகொண்டு, இந்த அம்மா யார் என்று கேட்டார்.

“வாடிக்கையாளருங்க. ரொட்டி வாங்க வந்தவங்க,” என்றார் ரொட்டிக்காரர். ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் நீட்டினார். “சீக்கிரம் போங்கம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

வருடக்கணக்காக வாடி போடி என்று கூப்பிட்டவளை அவர் அன்றுதான் ‘ங்க’ போட்டுப் பேசினார். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு வடக்கு வளைவைத் தாண்டினாள், தாண்டியவள் வெளியிலேயே இருந்தாள். ரொட்டிக்காரர் வாசலில் நின்று பார்த்தார், நிம்மதியாக இருந்தது. உள்ளே எழுத்தர் எதையும் விட்டு வைக்கிற ஆளா? ‘42. வாடிக்கையாளர், பெண், ஒன்று, காலை ஆறு மணி’ என்று எழுதி முடித்திருந்தார்.

அவள் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, வெள்ளை உடுப்பும் கையில் தெர்மாமீட்டருமாகக் கடை முன்னால் நின்றாள். ரொட்டியை வாங்கியதும் எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்த தன் வார்டில் திரும்ப நின்றாள். மறுநாளும் அப்படியே. ஆஸ்பத்திரியில் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அந்த நேரத்தை அவளுடைய டீ இடைவேளையாக மாற்றிக் கொடுத்தார்கள்.

முதல் மாதம் அவள் ரொட்டியைத் தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் தலை நிமிரவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள், முழு ரொட்டியை நீட்டியவரிடம், “வெட்டிக் குடுங்க,” என்றாள். வெட்டினார். கொஞ்சம் மெலிசாக வேண்டும் என்றாள். வெட்டிக்கொண்டிருக்கும் வரை அவள் நிற்கலாம் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. இப்போது அவர் ஒரு ரொட்டியை அறுபது துண்டு போடுகிறார். பின்னால் நிற்கிற சுற்றுலாக்காரர்கள் அவசரப்பட்டால், ஆறு மணிக்கு இந்தக் கடையில் இப்படித்தான் என்று தெருக்காரர்கள் சொல்லி வைக்கிறார்கள்.