திருமங்கலம் வரைக்கும்

வாரத்தில் ஆறு நாள் கணினி முன்னால் உட்கார்ந்து மற்றவர்களின் ரத்தத்தைப் பற்றித் தட்டச்சு செய்வதுதான் இந்துப்ரியாவின் வேலை. சர்க்கரை, கொழுப்பு, யூரியா. சனிக்கிழமை மதியம் ஆவதற்குள் திரையில் எழுத்துகள் எறும்பாக ஊரத் தொடங்கிவிடும். பரிசோதனைக் கூடத்தில் இந்தச் சனிக்கிழமை மட்டும் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தாள். தல்லாகுளம் பக்கம் ஒரு சின்ன அரங்கில் திரைப்படக் கழகத்தார் சாயங்காலம் ஏதோ குளிர்நாட்டுப் படம் போடுகிறார்கள். பவதாரிணி வருகிறாள். இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

கல்லூரி நாட்களில் இருவரும் சுற்றாத இடமில்லை. தெப்பக்குளத்துப் படியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். புத்தகக் கண்காட்சிக்குப் போய் ஒன்றும் வாங்காமல் முன்னுரைகளை மட்டும் படித்துவிட்டு வருவார்கள். பிறகு பவதாரிணியைப் பேரையூரில் உரக்கடை வைத்திருக்கும் அழகுபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு பையனும் பிறந்துவிட்டான். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் "பாக்கலாம்டி" என்ற ஒரே பதில்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று மதுரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுதான் கடைசி என்று நினைத்துத்தான் இந்துப்ரியா இந்த முறை கேட்டிருந்தாள். இதற்கும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடுவதில்லை. கோபமெல்லாம் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வியாழக்கிழமை போனில் அரங்கு, நேரம், எங்கே நிற்பது எல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிடி, வாரேன்" என்றாள் பவதாரிணி. போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை பெரியார் பேருந்து நிலையத்தில் வந்து நின்ற பேருந்துகளிலிருந்து யார் யாரோ இறங்கினார்கள். வெயில் தாழ்ந்தும் தரையிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருந்தது. இந்துப்ரியா ஒரு தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். படத்துக்கான அறிவிப்பு போனில் இருந்தது. அதில், பனி மூடிய ரயில் நிலையத்தில் ஒரு பெண் பெட்டியோடு நிற்கிறாள். அந்த அரங்கில் குளிர்சாதனம் உண்டு. அது இப்போது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றியது.

கடைசியில் அவளே போன் செய்தாள்.

"எங்கடி வர்ற? வண்டி திருமங்கலம் தாண்டிருச்சா?"

"எந்த வண்டி?" பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஏன்டி, வாரேன்னு சொன்னேல்ல."

பவதாரிணி குக்கரை விட்டுத் தள்ளி வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்து, அத்தை உள்ள வந்துட்டாங்கடி. அதான் வாரேன்னு வச்சேன். போனை வைக்கிறேன்னு சொன்னேன்."

மதுரைக்காரர்கள் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வாரேன் என்று சொல்லித்தான் போவார்கள். வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசினாலும் இந்துப்ரியா இதையெல்லாம் தெருவில் விளையாடும்போதே கற்றுக்கொண்டவள். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அவளே அப்படிச் சொல்லிப் போனை வைக்கிறாள். வியாழக்கிழமை மட்டும் தன் காதுக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டிருந்தாள்.

"இப்ப எங்க நிக்கிற?"

"பெரியார்ல."

"எம்புட்டு நேரமா?"

"இப்பத்தான்" என்றாள் இந்துப்ரியா.

"பொய் சொல்லாத. இரு, கூப்பிடுறேன்."

இனி கூப்பிட மாட்டாள் என்று இந்துப்ரியாவுக்குப் பட்டது. அழுகை வரும்போல இருந்தது, அதற்கும் தெம்பில்லை. தனியாகவே படத்துக்குப் போய்விடலாம். இருட்டில் தூங்கினாலும் யாருக்கும் தெரியாது. தல்லாகுளம் போகும் பேருந்தைத் தேடி அவள் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"திருமங்கலம் வரைக்கும் வர்றியா?" பவதாரிணிக்கு மூச்சு வாங்கியது. "சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குன்னு அங்க ஒரு டெய்லர்ட்ட ஜாக்கெட் குடுத்திருக்கேன். வாங்கிட்டு வந்துர்றேன்னு அத்தைட்ட சொன்னேன். சரின்னுட்டாங்க. இருட்டுறதுக்குள்ள திரும்பணும். பஸ் ஸ்டாண்டுல நில்லு."

"படம்?"

"என்ன படம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இந்துப்ரியா திருமங்கலம் பேருந்தில் ஏறினாள். திருநகர் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். கண்டக்டர் கம்பியில் தட்டி, "யக்கா, திருமங்கலம் வந்துருச்சு, எறங்கித் தூங்குங்க" என்றபோது முழங்கையில் ஜன்னல் கம்பி பதிந்திருந்தது.

பவதாரிணி முன்பே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கையில் தையல்காரரின் பை. இந்துப்ரியாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, நகர்ந்து இடம் விட்டாள்.

"என்னடி, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்றாள்.

"உனக்கு மட்டும் என்ன வாழுதாம்."

"எனக்காச்சும் பிள்ளை இருக்கு, ராத்திரி தூங்கவிட மாட்டான். உனக்கு என்ன கேடு?"

"ஊர்ல இருக்கிற சர்க்கரையெல்லாம் என் தலையில."

பவதாரிணி சிரித்தாள். "வீட்டுல வேற பாஷை பேசுறவகிட்ட வாரேன்னு சொன்னது என் தப்புத்தான். உங்க பாஷையிலயே சொல்லியிருக்கணும்."

"உனக்கு எங்க பாஷையில திட்ட மட்டும்தான தெரியும்."

"அதச் சொல்லி வச்சிருந்தா இம்புட்டுக் கொழப்பம் வந்திருக்காது."

வாசலில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாங்கி வந்தார்கள். சுக்கும் கருப்பட்டியுமாகத் தொண்டையில் இறங்கிற்று. பேச எவ்வளவோ இருக்கும் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும். ஆனால் குடித்து முடிக்கும்வரை இருவரும் எதிரே ஒரு பேருந்து ரிவர்ஸில் வந்து நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரமப்பட்டு வந்து நின்றது.

"அது என்ன படம், சொல்லு" என்றாள் பவதாரிணி.

"நானே பாக்கலடி."

"படிக்காத புத்தகத்துக்கெல்லாம் காலேஜ்ல கதை சொல்லுவ. சொல்லு."

இந்துப்ரியா போனில் இருந்த படத்தை நினைத்துக்கொண்டாள். "ஒரு பொண்ணு. ஸ்டேஷன்ல நிக்கிறா. ஒரே பனி."

"பனின்னா எம்புட்டு?"

"முழங்கால் வரைக்கும்."

"அப்ப பஸ்ஸு எப்பிடி வரும்?"

"ரயில்டி. தண்டவாளத்தை ஒருத்தர் கூட்டிக்கிட்டே இருக்காரு. ரயில் எப்ப வரும்னு அவருக்கும் தெரியல. அவ பெட்டியில ஒரு நல்ல கோட்டு வச்சிருக்கா. போற ஊர்ல போட்டுக்கணும்னு குளிர்லயும் அத எடுக்கல."

"லூசு. எடுத்துப் போட வேண்டியதுதான" என்றாள் பவதாரிணி. பாதிக் கொட்டாவியில் சொன்னாள்.

இந்துப்ரியா மேலே சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு தங்கையைக் கொடுத்தாள். ஒரு ஏரியை உறைய வைத்தாள். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி சூப் கொண்டு வந்து கொடுத்தாள். திருமங்கலத்தின் டீசல் புகைக்கு நடுவே பனி நன்றாகவே விழுந்தது. தங்கையின் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லும்போது தோளில் பாரம் விழுந்தது. பவதாரிணி தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தையல்காரரின் பை மடியிலிருந்து சரிந்தது, இந்துப்ரியா மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பேரையூர் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநரும் கண்டக்டரும் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். எழுப்ப வேண்டும். தாமதமானால் பேரையூரில் இன்னொரு தடவை அனுப்ப மாட்டார்கள். எழுப்பினால் இவ்வளவுதான், முடிந்தது. இந்துப்ரியா டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். நல்ல மனிதர். ஒரு வடையும் வாங்கினார். தோள் மரத்துப்போனது, அவள் அசையவில்லை. ஓட்டுநர் வாய் கொப்பளித்துவிட்டு வண்டியை நோக்கி நடந்ததும்தான் பவதாரிணியின் கன்னத்தில் தட்டினாள்.

"பவா, எந்திரி. வண்டி."

பவதாரிணி திடுக்கிட்டு விழித்து, "பிள்ளை எங்க?" என்றாள். பிறகு இடம் புரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கதை முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

"இம்புட்டுத் தூரம் வந்து தூங்கிட்டேன் பாரு." பையை வாங்கிக்கொண்டாள், ஆனால் எழவில்லை. "இந்து, நீ கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பக்குனு இருக்கும்டி. முடியாதுன்னு சொன்னா நீ கேக்குறத விட்டுருவ. அதான் பாக்கலாம் பாக்கலாம்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

இந்துப்ரியா கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "இதுதான் கடைசின்னு நெனச்சுத்தான் வியாழக்கிழமை கேட்டேன்."

"தெரியும். குரல்ல தெரிஞ்சுச்சு." பவதாரிணி தரையைப் பார்த்தாள். "அப்பிடிப் பண்ணாத. நான் வரமாட்டேன்னு தெரிஞ்சாலும் கேளு. அங்க என்னைய யாரும் எதுக்கும் கூப்பிடுறதில்ல."

"யம்மா பேரையூரு" என்றார் கண்டக்டர். "ஏறுறதுன்னா ஏறுங்க, பேசுறதுன்னா அடுத்த வண்டிக்கு வாங்க."

"ஏறுறேண்ணே, ஏறுறேன்."

அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. இந்துப்ரியா கீழே நின்றாள். வண்டி உறுமிக்கொண்டு நகராமல் நின்றது. 

"அடுத்த சனிக்கிழமை வீணைக் கச்சேரி ஒண்ணு இருக்கு" என்றாள் இந்துப்ரியா. "வர்றியா?"

பவதாரிணி கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "முடியாதுடி. கல்யாணம் அன்னைக்குத்தான்."

"சரி."

"முடியவே முடியாது" என்று இன்னொரு முறை சொன்னாள், முகம் முழுக்கச் சிரிப்போடு.

வண்டி கிளம்பியது. மதுரைப் பேருந்து நிற்கும் இடத்தில் நல்ல கூட்டம். உட்கார இடம் கிடைக்காது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. கால் கடுத்தது. திங்கட்கிழமைக்கான ரத்தமெல்லாம் இந்நேரம் ஊரில் யார் யார் உடம்பிலோ ஓடிக்கொண்டிருக்கும். இந்துப்ரியா கூட்டத்தின் ஓரமாக நின்று போனை எடுத்து, அதற்கு அடுத்த சனிக்கிழமை மதுரையில் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.