ஓலை வாசிக்காத கல்யாணம்

தெயோவுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்று அந்த ஜூன் மாதமே ஒரு பேச்சு கிளம்பியது. நிர்மலாதேவி நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் ஜிசேல். தெயோவின் கூடப்பிறந்த தங்கை. மிஷன் வீதி டிராவல்ஸ் ஆபீசில் இவளுக்குப் பக்கத்து நாற்காலி. மதியச் சாப்பாட்டைப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்கிற சிநேகிதி.

“சர்ச்சுல ஓலை வாசிச்சாங்களாடி?” என்று அவளிடமே கேட்டாள். பூசையில் மூன்று ஞாயிறு பெயரைப் படித்து அறிவிக்காமல் அவர்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது என்பது, தவளக்குப்பத்து விவசாயி வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதிதான். ஜிசேல் கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள், ஓலை வாசிக்கவே இல்லை என்று. அந்தச் சத்தியத்தை நம்பித்தான் நிர்மலா, பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த தெயோவோடு அந்தக் கோடை முழுக்கச் சுற்றினாள். டிசம்பரில் வந்து உன் வீட்டில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆகஸ்டில் அவன் விமானம் ஏறினான். ஊர்ப் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிய வருஷம் அது.

நாள் தள்ளிப்போனதையும் முதலில் ஜிசேலிடம்தான் சொன்னாள். ஜிசேலின் முகம் வெளுத்தது. யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லி, மறுநாளே ஸ்கூட்டியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஆபத்துக்கு உதவுகிறவள் இவள் ஒருத்திதான் என்று நிர்மலாவுக்குக் கண் கலங்கியது. அப்பாவிப் பெண்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, கர்ப்பம் உறுதி என்றார். நிர்மலா வாயைத் திறப்பதற்குள் ஜிசேல் முந்திக்கொண்டாள். “இன்னிக்கே எடுத்துடுங்க டாக்டர்.”

“நான் உங்களக் கேக்கல” என்று டாக்டர் அவளை வெளியே அனுப்பினார். பிறகு நிர்மலாவிடம் நிதானமாகச் சொன்னார். பெற்றுக்கொள்ளலாம். வளர்க்க வழியில்லை என்றால் முறைப்படி தத்துக் கொடுக்கலாம். வேண்டாமென்றால் இப்போது ஆபத்தில்லாமல் கலைக்கலாம். அதற்கு அவளுடைய சம்மதம் போதும், புருஷனும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம். “யோசிக்க நேரம் இருக்கு, ஆனா ரொம்ப இல்ல. உங்க பக்கம் நிக்கிற ஒருத்தரோட வாங்க.”

வெளியே வந்ததும் நிர்மலா கேட்டாள். “உங்கண்ணன் பிள்ளைடி. உனக்கு ஏன் இவ்ளோ அவசரம்?”

ஜிசேல் ஸ்கூட்டி சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அண்ணன் ரெஜிஸ்டர் பண்ணிட்டான் நிர்மலா. ஊருக்கு வந்த மறு வாரமே. காரைக்கால் பொண்ணு.”

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் சத்தமில்லாமல் ரெஜிஸ்டர். அதைக் கான்சலேட்டில் பதிந்து, விசா கைக்கு வர மாதக்கணக்காகும். அதற்குப் பிறகுதான் ஓலை, மாலை, பிரியாணி எல்லாம். இது நிர்மலாவுக்குத் தெரியாததா? அப்படிப் போன பெண்களுக்கெல்லாம் பாரிசுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்ததே இவள்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

“ஓலை வாசிக்கலன்னு சத்தியம் பண்ணியே?”

“வாசிக்கலதானே. ஜனவரியிலதான் வாசிப்பாங்க.”

சாட்சிக் கையெழுத்து யார் போட்டது என்று கேட்டதற்கு, ஜிசேல் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஜூனில் ஒரு நாள் அத்தைக்குப் பிறந்தநாள் என்று ஆபீசுக்குக் கேக் கொண்டுவந்தது நிர்மலாவுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு துண்டு வாங்கித் தின்றிருந்தாள். அது எந்தக் கல்யாணத்துக் கேக் என்று இப்போதுதான் புரிந்தது. தெயோ ஏமாற்றியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சோறு பகிர்ந்தவள் ஏமாற்றியதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் தெயோ போன் செய்தான். அம்மா வற்புறுத்தினாள், தப்புதான் என்று அழுதான். அழுகை முடிந்ததும் பேரம் தொடங்கியது. “நீ பெத்துக்க. நான் பேரு குடுக்கறேன். பிள்ளைக்கு நேஷனாலிட்டி வந்துடும்.”

அந்த ஒரு வார்த்தைக்காக நிலத்தை விற்றவர்கள் இந்த ஊரில் உண்டு. நிர்மலாவும் சற்றே சபலப்பட்டாள், பொய் சொல்வானேன். அப்படியானால் நான் யார் என்று கேட்டாள். “நீ இங்கயே இரு. நான் வந்து வந்து போறேன்” என்றான். போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் சின்னப்பாப்பா என்கிற அண்ணியோடு ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அடுப்படிச் சண்டை. ஆனாலும் சொல்ல வேறு ஆள் இல்லை. எல்லாவற்றையும் கேட்ட அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, வாயில் வந்தபடி திட்டினாள். திட்டு ஓய்ந்ததும், “என்ன பண்றதா இருக்கே?” என்றாள்.

“தெரியல அண்ணி.”

“யோசி. பெத்துக்கறேன்னா உங்கண்ணன் குதிப்பாரு, அவர நான் பாத்துக்கறேன். வேணாம்னாலும் நான் கூட வரேன். அந்தக் குடும்பத்துக்காக மட்டும் எதையும் செய்யாத.”

நிர்மலா இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்தாள். குழந்தை அவளுக்குப் பிடிக்காததல்ல. பெயர்கூட வைத்துப் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் ஒருத்தியாகத் தன்னை நினைத்தபோது உடம்பு கூசியது. தத்துக் கொடுத்துவிட்டுத் தெருவில் போகிற பிள்ளைகளின் முகத்தையெல்லாம் தேடவும் அவளால் முடியாது. வேண்டாம் என்று டாக்டரிடம் அவளே சொன்னாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அவர் தனியாக வைத்து இரண்டு முறை கேட்டார். இல்லை என்றாள். முடிந்து வரும்போது ஆட்டோவில் தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து, வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க ஆபீசுக்குப் போனாள். ஜிசேல் படிக்கட்டில் வழிமறித்தாள். அண்ணன் தினமும் போன் செய்கிறானாம், அம்மாவுக்கும் தெரிந்துவிட்டதாம், காரைக்கால்காரர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகுமோ என்று வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லையாம்.

“வச்சிருக்கியா, இல்லையா? அத மட்டும் சொல்லிடு நிர்மலா.”

ஜிசேலின் கண் இவள் வயிற்றிலேயே நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீடு நிம்மதியாகிவிடும். நிர்மலா துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

“தெரிஞ்சிக்காமலே தூங்கப் பழகிக்கோங்க. கோடை முழுக்க நானும் ஒண்ணும் தெரியாமத்தான் தூங்கினேன்” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினாள்.