ஃப்ளம்மாக்ஸ் ஊர்த் தபால்காரர்

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸ் ஊரில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். அகராதியைப் புரட்டிய ஆளில்லை. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது.

மகள் ரோவினாவுக்குச் சின்ன வயதிலிருந்தே விசித்திரமான வார்த்தைகள் மேல் பைத்தியம். சாப்பாட்டு மேஜையில் தினம் ஒன்று கேட்பாள். ஒன்றுமில்லாததற்கு ஊரே அமளிதுமளிப்பட்டால் 'கெர்ஃபஃபில்' என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளா நான்?

"அது ஒரு விதவையோட பேருடி. உன் கொள்ளுத்தாத்தா ஓட்டின டிராம்ல ஏழு கோழியோட ஏறி, ஏழுக்கும் தனித்தனியா சீட் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா" என்று அடித்துவிடுவேன்.

'ஃப்ளம்மாக்ஸ்' என்றால் ஒருவரைத் திருதிருவென்று முழிக்க வைப்பது. அதற்கு, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரையே கட்டினேன். அங்கே எல்லாத் தெருவுக்கும் ஒரே பெயர். தபால்காரர் கிறுக்குப் பிடித்துப் பையோடு ஓடிப்போனார். ரோவினாவின் கண் அகல விரியும். அந்தக் கண்ணுக்காகத்தான் சொன்னேன், வேறென்ன?

என் மனைவி டோரீன் தட்டைக் கழுவிக்கொண்டே முறைப்பாள். "ஏன்யா, பொண்ணு நிஜம்னு நம்பிட்டிருக்கா. பொய்னு ஒரு நாளாவது சொல்லித் தொலையேன்."

"வளர்ந்தா தானா தெரியும்" என்பேன்.

தெரியவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை. பதினேழு வயதில், ஆங்கிலம் படிக்க ஒரு பழைய, பெரிய பல்கலைக்கழகத்துக்கு நேர்காணல் போனாள். எங்கள் தெருவிலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் ஆள். பிடித்த வார்த்தை ஒன்றைப் பற்றிச் சொல் என்றார்களாம். அவள் ஃப்ளம்மாக்ஸ் ஊரை, தபால்காரரோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். மூன்று பேராசிரியர்களும் சிரித்தார்கள். எந்தப் புத்தகத்தில் படித்தாய்? எங்கப்பா சொன்னார். அப்பா என்ன செய்கிறார்? பஸ் ஓட்டுகிறார். மறுபடியும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அப்பா, நீ சொன்னதுல ஒண்ணாவது நிஜமா?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "அடிப்பாவி, தபால்காரர் ஓடினதையுமா சொன்னே?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தேன். அவர்கள் சிரித்ததைக்கூட அவள் மறந்திருப்பாள். நான் சிரித்ததை மன்னிக்கவில்லை.

இடம் கிடைக்கவில்லை. யார்க் நகரில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. போனை நான் எடுத்தால் "அம்மாகிட்ட குடு" என்பாள், அவ்வளவுதான். தன் கல்யாணத்தில் மூன்றாம் மனிதருக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கை கொடுத்தாள். பேத்தி ஹெட்டியைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

போன மாதம் டோரீனிடம் சொன்னாள்: "ஹெட்டிக்கு ஆறு வயசு ஆகுது. பிறந்தநாளுக்கு ரெண்டு பேரும் வாங்க. ஆனா அப்பா என் பொண்ணுகிட்ட ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணச் சொல்லு."

பண்ணினேன். பேத்தி எதையாவது கேட்டால் என்ன செய்வது என்று நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து தடித்தடி அகராதிகளைப் படித்துவிட்டுப் போனேன்.

ஹெட்டி வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மாவின் அதே கண்.

"தாத்தா, முட்டாளை ஏன் நின்கம்பூப்னு சொல்றாங்க? உனக்கு எல்லாத்துக்கும் கதை தெரியுமாமே! கோழிக் கதை, தபால்காரர் கதை எல்லாம் அம்மா சொல்லிட்டா. எல்லாமே புளுகு, ஆனா அந்த மாதிரி புளுகு உலகத்துல யாருக்கும் வராதுன்னு சொன்னா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோவினாவைப் பார்த்தேன். கேக்கில் இறங்கிய கத்தி அப்படியே நின்றது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்கிறாளா, சோதிக்கிறாளா? பன்னிரண்டு வருஷமாக எனக்கு முகம் கொடுத்துப் பேசாதவள், எனக்கு எப்படிப் புரியும்? நின்கம்பூப் என்ற பெயரில், தலைகீழாகக் கப்பல் கட்டிய ஒரு கேப்டன் என் நுனிநாக்கு வரை வந்துவிட்டான். விழுங்கினேன்.

"தெரியாதுடா கண்ணு. எங்கிருந்து வந்ததுன்னு தெரியலைன்னுதான் அகராதியிலயே போட்டிருக்கு."

ஹெட்டியின் முகம் சுருங்கிவிட்டது. "எதைக் கேட்டாலும் தாத்தா சொல்லுவாருன்னியேம்மா!"

ரோவினா கத்தியை வைத்துவிட்டு வந்தாள். என் நரைத்த தலையைப் பார்த்தாள். தோளில் கை வைத்தாள்.

"முன்னெல்லாம் சொல்லுவாரு, கண்ணு. இப்ப தாத்தாவுக்கு வயசாயிடுச்சுல்ல, எல்லாம் மறந்துபோச்சு." அவள் குரல் உடைந்தது. நிஜமென்று நம்பித்தான் சொன்னாள்.

ஒன்றுகூட மறக்கவில்லையடி, மகளே. ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் கையை எடுத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"ஆமாடா கண்ணு, மறந்துட்டேன்" என்றேன்.